கைக்குள் போன ஜீப் சாவி

முதலுதவிப் பயிற்சியில் ரப்பர் பொம்மையின் நெஞ்சைச் சரியாக அமுக்கி, டாக்டரிடம் ‘சபாஷ்’ வாங்கிய ஒரே ஏட்டம்மா நான்தான். அந்தத் திமிர் எனக்கு ஒரு வாரம் இருந்தது. எட்டாம் நாள் இறங்கிவிட்டது.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ரோந்து ஜீப்பில் எனக்கு வேலை. கூட ஒரு டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் ‘அண்ணா’ என்பேன். அவரும் அதே பயிற்சிக்கு வந்தவர்தான். ஆனால் மதியம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிந்தைய வகுப்பு முழுக்க மனிதர் தூங்கினார். வலிப்பைப் பற்றிச் சொன்னது அந்த வகுப்பில்தான்.

அந்த எட்டாம் நாள் சாயங்காலம், ஷூ கம்பெனி விடும் நேரம். பஸ் நிறுத்தத்தில் கும்பலைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் கிடந்தார். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. விழுந்த வேகத்தில் புருவம் கிழிந்து ரத்தம்.

“எங்க கட்டிங் செக்‌ஷன் ஆளுதான் மேடம், நல்லாத்தான் பேசினு இருந்தாரு” என்று ஓர் அக்கா அழுதார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, வர அரை மணியாகுமாம். ஜீப்பிலேயே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். இழுப்பு அடங்கும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அக்காவின் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கொடுத்தேன்.

என்னை வேலை செய்ய விட்டால்தானே? “செருப்ப மோந்து பாக்க வைங்க!” என்று ஒரு குரல். பத்துச் செருப்பு வந்து விழுந்தன. வேறு ஊராக இருந்தால் ஏதோ ஒன்றை எடுத்து மூக்கில் வைத்திருப்பார்கள். இது தோல் ஊர். எந்தச் செருப்பு என்பதில் சண்டை மூண்டது.

“இது இன்னா, ரெக்சின்! இத மோந்தா இன்னாத்துக்கு ஆவும்?”

“என்னுது ஒரிஜினல் ஆட்டுத் தோலு.”

“ஆட்டுத் தோலுக்கு வாசன கம்மி. மாட்டுத் தோல எடு.”

செக்கிங்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒவ்வொரு செருப்பாக மோந்து பார்த்து ரிஜெக்ட் செய்தாள். கடைசியில் அவள் பார்வை என் காலுக்கு வந்தது. “மேடம், உங்க பூட்ஸு நல்ல லெதரு. கொஞ்சம் கழட்டுறீங்களா?”

“எவனாவது செருப்பத் தூக்கினு கிட்ட வந்தீங்க, ஸ்டேஷன்ல உக்கார வெச்சிடுவேன்!” என்று கத்தினேன். நான் அந்தப் பக்கம் கத்திய நேரத்தில், இந்தப் பக்கம் யாரோ “கைல இரும்பு குடுங்க” என்று அலறியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் கீழே கிடந்தவருடைய வலது கை இறுக மூடியிருந்தது. பக்கத்தில் எங்கள் டிரைவர், பெருமையாக.

“அண்ணா, இன்னா குடுத்தீங்க?”

“இரும்பு மேடம்.”

“இன்னா இரும்பு?”

அவர் தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தார். “ஜீப் சாவி மேடம்.”

நான்காவது நிமிஷத்தில் வலிப்பு நின்றது. மூச்சு சீராக வந்தது. கை மட்டும் திறக்கவில்லை. இன்னொரு சாவி ஸ்டேஷன் பீரோவில். பீரோ சாவி இன்ஸ்பெக்டரிடம். இன்ஸ்பெக்டர் அரக்கோணத்தில் பந்தோபஸ்தில். டிரைவர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் போனார். “தொட்டீங்கன்னா பாருங்க” என்று தடுத்தேன். மறுபடி வலிப்பு வந்தால், பக்கத்திலேயே வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நாங்கள் சாகவிட வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிஷம் நான் கும்பிடாத சாமியில்லை.

மெல்லக் கண் திறந்தார். முதலில் என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு டிரைவரை, சுற்றி நின்ற கூட்டத்தை. மெதுவாக எழுந்து உட்கார்ந்து கையை விரித்தார். உள்ளங்கையில் போலீஸ் ஜீப் சாவி. முகம் வெளிறிவிட்டது.

“மேடம்… சத்தியமா நான் எடுக்கல.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவர் கை மறுபடி நடுங்கியது. வலிப்போ என்று பதறிக் குனிந்தேன். வலிப்பில்லை, பயம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“நீங்க எடுக்கலங்க. நாங்கதான் குடுத்தோம். ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்.”

அவர் பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். புருவத்து ரத்தம் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அத எழுதிக் குடுப்பீங்களா மேடம்?”

நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, ‘ஜீப் சாவியை நாங்களேதான் இவர் கையில் கொடுத்தோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் ஜீப்பில் ஏறினார்.