பழைய டிஸ்கில் ஒரு புகார்

பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் புது சர்வர் அமைக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். அங்கே டேட்டாபேஸைக் கவனிப்பவர். ஒடிசலான உடம்பு, மாலைவரை கலையாத திருநீறு. எண்டர் தட்டும் முன்பு ஒவ்வொரு முறையும் ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

விற்பனைப் பதிவுகள் இருந்த டேபிளை வேகமான புது டிஸ்கில் வைத்தார். தேடியது உடனே கிடைக்க அதற்கு நாலைந்து இண்டெக்ஸ் போட்டார். வாடிக்கையாளர்களின் புகார் டேபிளை மட்டும் பழைய, மெதுவான டிஸ்குக்குத் தள்ளி, இருந்த ஒரே இண்டெக்ஸையும் நீக்கக் கட்டளை எழுதினார்.

“ஏனுங்க, அப்புறம் ஒரு புகாரைத் தேடி எடுக்கறதுக்குள்ள விடிஞ்சிருமே?” என்றேன்.

“அதுக்குத்தானுங்க மேல இருந்து சொல்லிப்போட்டாங்க. போன் பண்றவங்க காத்திருந்து சலிச்சுப் போயி உட்டுருவாங்களாமா.”

“பாவமுங்க, பூரா விவசாயிக.”

“என்ற தோட்டத்துலயும் இந்தக் கம்பெனி மோட்டாருதானுங்க. உள்ள காயிலு கருகி ஓடாமக் கெடக்குது. என்ற புகாரும் இதுக்குள்ளதான் இருக்குது.”

சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வழக்கம்போல விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எண்டரைத் தட்டினார்.

அந்த விரலில் அப்படி என்னதான் ஒட்டியிருந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.