அய்யாக்குட்டி அன் கோவும் அம்மனுக்குப் போட்ட அரையணாவும்

தூத்துக்குடியில் தொழிற்சாலை தொடங்க மூன்று சாமான்கள் வேண்டும். ஒரு பலகை, பலகையில் எழுத ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் 'அன் கோ'. அய்யாக்குட்டி 1943-ம் வருஷம் இந்த மூன்றையும் ஒரே நாளில் சம்பாதித்துவிட்டார். அடுப்பு அடுத்த மாதம்தான் வந்தது.

'கோ' என்பது அவர் மனைவி வடிவம்மாள்.

அய்யாக்குட்டி உடன்குடிப் பக்கத்துக்காரர். பதினாறு வயதில் கொழும்புக்குத் தோணியேறி, ஒரு ரொட்டிக் கிடங்கின் அடுப்படியில் இருபது வருஷம் வெந்தார். ஜப்பான்காரன் அந்த ஊரில் குண்டு போட்ட அன்று முதலாளி ஒரு பக்கம் ஓட, இவர் மறுபக்கம் ஓடி, தூத்துக்குடிக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த ஒரே ஆஸ்தி மக்ரூன் செய்யும் பக்குவம். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை கட்டும்வரை அடித்து, முந்திரிப்பருப்புத் தூளைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் உலர்த்த வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அடிக்கிற கை நடுவில் நின்றால் நுரை படுத்துவிடும். படுத்த நுரை எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

மஞ்சள்கரு மட்டும் மிச்சம். அதைக் குடும்பமே தின்றது. ஒரு வருஷம் தின்றபின், தெருவில் கோழியைக் கண்டாலே வடிவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள்.

தொழில் வளர்ந்தது. காயல்பட்டினத்து ஹாமிது துறைமுகத்து வாசலில் வைத்திருந்த கடையில், கப்பல்காரர்கள் மக்ரூனைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போனார்கள். எந்தத் தொழிலும் வளரத் தொடங்கியதும் சர்க்கார் கண்ணில் படும் அல்லவா? சர்க்கரைக்குக் கன்ட்ரோல் வந்தது. பெர்மிட் இருந்தால் சர்க்கரை உண்டு. பெர்மிட் வேண்டுமானால் மனுப் போட வேண்டும். ஓர் அடுப்புக்காரன் மனுவை எவனும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான் என்று மனு எழுதுகிறவர் சொன்னதால், மூன்று அடுப்பும் எட்டு வேலையாட்களும் காகிதத்தில் பிறந்தார்கள். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், எப்போது என்று சொல்லமாட்டார் என்று பதில் வந்தது.

பெர்மிட் கிடைக்காவிட்டால் அடுப்பு அணையும். அணைந்தால் உடன்குடிக்குப் போய், மச்சினன் தாணுலிங்கத்தின் கிடங்கில் கருப்பட்டிச் சிப்பம் கட்ட வேண்டும். இடம் காலியாக இருப்பதாக மச்சினன் மூன்று தடவை, மிகுந்த அன்போடு, சொல்லி அனுப்பியிருந்தான்.

இந்த நெருக்கடியில்தான் தசரா வந்தது. குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, ராஜாவாக, குறத்தியாக, குரங்காக, போலீசாக வேஷம் கட்டி, கடை கடையாய்க் காணிக்கை வாங்கிப் போய் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். வேஷத்தோடு வருகிறவர் அம்மனே என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது. பொய் சொல்லவே கூடாது.

எட்டாம் நாள் காலை அய்யாக்குட்டி வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்தபோது, காக்கிச் சட்டையும் கக்கத்தில் ஒரு நோட்டுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். வேர்வை துடைப்பதற்காகத் தொப்பியைக் கழற்றிக் கையில் மல்லாத்திப் பிடித்திருந்தார். அய்யாக்குட்டி வலக்கையை நிறுத்தாமல், இடக்கையால் ஓர் அரையணாவை எடுத்து அந்தத் தொப்பிக்குள் போட்டார்.

"வேசம் அச்சுல வார்த்த மாரி இருக்கு சாமி. நேத்து ஒருத்தன் போலீசா வந்தான், தொப்பி வெறும் அட்டை. நீங்க நல்லா செலவழிச்சிருக்கிய."

வந்தவர் செங்கல்பட்டிலிருந்து போன மாதம் மாற்றலாகி வந்தவர். தசராவும் தெரியாது, அரையணாவும் புரியவில்லை. "நான் சர்க்கரை இன்ஸ்பெக்டர்" என்றார்.

"அப்படித்தான் சொல்லணும். இந்த வேசத்த இதுவரைக்கும் எவனும் கட்டல. காலத்துக்கு ஏத்த சாமி."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். "மூணு அடுப்பு, எட்டு வேலையாள்னு மனுவுல எழுதியிருக்கு. எங்க காணோம்?"

அய்யாக்குட்டிக்குப் புல்லரித்தது. அந்த மனு அவருக்கும் எழுதியவருக்கும் ஆபீசுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. வெறும் வேஷக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அம்மன் இறங்கிவிட்டாள். அவர் தலை தானாகக் குனிந்தது. கை மட்டும் நுரையை அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆத்தா, ஒனக்குத் தெரியாததா? அடுப்பு ஒண்ணுதான். வேலையாளு நானும் வடிவும்தான். அங்கன மூலையில சாக்குக்கு அடியில கெடக்கது கள்ளச் சர்க்கரை. பொழைக்கதுக்குச் செஞ்சேன், பொறுத்துக்க தாயே."

தாயே என்று அழைக்கப்பட்டவர் தம் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பேச்சுச் சத்தம் கேட்டு வடிவம்மாள் பின்கட்டிலிருந்து வந்தாள். வியாபாரத்தில் 'கோ'வின் கடமை எதுவோ, அதை அவள் செய்தாள். வந்தவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இந்தாருங்க. சாமி காலப் பாருங்க."

விரதக்காரர்கள் செருப்புப் போடமாட்டார்கள். இந்தச் சாமி கயிறு கட்டிய பழுப்புச் சப்பாத்துப் போட்டிருந்தது.

கை நின்றது. முப்பது முட்டையின் நுரை, பெருமூச்சுவிடுவதுபோல் மெல்லப் படுத்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரையணாவின் தாத்பரியத்தை வடிவம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரிக்க அவருக்கு உத்தரவு இல்லைபோலும். பிறகு சொன்னார்:

"காலையிலேருந்து மூணு கடை பார்த்தேன். மூணுலயும் எட்டு எட்டுப் பேர் நின்னாங்க. முதல் கடையில எனக்குக் கும்பிடு போட்ட அதே எட்டுப் பேர்தான் மூணாவது கடையிலயும் கும்பிடு போட்டாங்க. வேஷம் போடாத கடை இது ஒண்ணுதான்."

அடுப்பு ஒன்று, ஆள் இரண்டு என்று எழுதிக்கொண்டார். கள்ளச் சர்க்கரையைச் சாக்கோடு எடுத்துப் போனார். அரையணாவைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அம்மனுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் குடும்பம் விளங்காது என்று வடிவம்மாள் மறுத்துவிட்டாள். அவர் வைத்துக்கொண்டால் அது லஞ்சம். கடைசியில் அதை உண்டியலில் சேர்க்க அவரே குலசேகரன்பட்டினத்துக்கு பஸ் ஏறினார் என்று ஹாமிது சொன்னார். ஹாமிது கண்ணால் காணாததைச் சொல்கிறவர் அல்லர், அன்றைக்கு மட்டும் எப்படியோ தெரியவில்லை.

கார்த்திகையில் பெர்மிட் வந்தது. ஓர் அடுப்புக்கு என்ன உண்டோ அவ்வளவு சர்க்கரை, மாதாமாதம். மற்ற மூன்று கடைக்கும் இல்லை.

செய்தி உடன்குடிக்கு எட்டியதும் தாணுலிங்கம் நேரில் வந்தான். அவனுக்கும் ஒரு மிட்டாய்க் கடை வைக்கும் யோசனை இருந்தது. பத்து மக்ரூன் தின்றுவிட்டு, குரலைத் தாழ்த்தி, யாரைப் பிடித்துப் பெர்மிட் வாங்கினீர், எவ்வளவு கொடுத்தீர் என்று கேட்டான்.

"உண்மையச் சொன்னேன். அரையணா கொடுத்தேன்" என்றார் அய்யாக்குட்டி.

தாணுலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். தொழில் ரகசியத்தைச் சொந்த மச்சினனிடமே மறைக்கிற குடும்பத்தில் பெண் கொடுத்தோமே என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே போனானாம். அதற்குப் பிறகு நாலு வருஷம் அவன் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.