வெள்ளிக்கிழமை வாளி

"என்னை முகம் சுளிக்க வைக்கிற பொருள் இந்த உலகத்துல இன்னும் உண்டாகல" என்று கல்வயிறு டாக்டர் ஒருமுறை பிரகடனம் செய்தார். பிரகடனம் நடந்த இடம் ஒரு கல்யாண விருந்து. சான்றாக, அன்று காலை தாம் அறுத்துப் பார்த்த குடலுக்குள் என்ன இருந்தது, அது மேசையிலிருந்த எந்தப் பதார்த்தத்தை ஒத்திருந்தது என்பதையும் விளக்கினார். எதிர் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்து போனார்கள். மானம் போகிறதே என்று அவருடைய அக்கா மேசைக்கடியில் தொடையைக் கிள்ளினாள். கிள்ளுக்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கல்வயிறு என்ற பட்டம் அன்று கிடைத்ததுதான்.

தொழில் அப்படி. அறுவை அறையில் வெட்டி எடுத்ததையெல்லாம் வாளியில் வாங்கி, மேலும் வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து 'இது இன்ன வியாதி' என்று சொல்லும் துறைக்கு அவர் தலைவர். நோயாளிகளை அவர் பார்ப்பதில்லை. அவர்களுடைய துண்டுகள் அவரைப் பார்க்க வரும். துண்டுகள் அழாது, சந்தேகம் கேட்காது, வாசலில் சொந்தக்காரர்களை நிறுத்தி வைக்காது. வெட்டு அறையின் எஃகு மேசைமேல் ஒரு கையில் கத்தியும், ஜன்னல் விளிம்பில் பன்னும் டீயுமாக அவர் வேலை செய்வதைப் பார்த்த மாணவர்களில் சிலர் கண் மருத்துவத்துக்கு மாறிப் போனதாகப் பேச்சு.

அந்த ஆஸ்பத்திரியின் அணையா விளக்கு பேராசிரியர். மார்புப் புற்றுநோய் அறுவையில் பெரிய பெயர். வாரத்தில் மற்ற நாட்களில் அவர் விமானத்தில் இருப்பார். கத்தி பிடிப்பது வெள்ளிக்கிழமை மட்டும். அவர் அறுத்தெடுத்த மார்புகள் வாளி வாளியாகக் கீழே வந்து சேரும்போது சாயங்காலமாகிவிடும். கல்வயிறு டாக்டருக்கோ வெள்ளி சாயங்காலம் பூப்பந்து. மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பார். "வாளிக்குள்ள ஃபார்மலின் இருக்குல்ல, திங்கட்கிழமைக்குள்ள கெட்டாப் போயிடப் போகுது?" என்பார்.

ஃபார்மலின் என்பது சதையைக் கெடாமல் நிறுத்தி வைக்கும் மருந்து. ஆனால் மகா சோம்பேறி. கொழுப்பு மண்டிய முழு மார்பை அப்படியே போட்டால் ஓரத்தை நனைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வந்தவுடன் ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் சீவிப் போட்டால்தான் நடுவிலிருக்கும் கட்டிவரை போய்ச் சேரும். இதைக் கல்வயிறு டாக்டர் வருடா வருடம் முதல் வகுப்பிலேயே பாடம் நடத்துவார், அதுவும் வியாழக்கிழமைகளில்.

திங்கட்கிழமை வாளியைத் திறந்தால் ஓரம் வெந்த முட்டை, நடுவில் கூழ். அந்தக் கூழிலிருந்து எடுத்த சீவலில்தான் ஒரு முக்கியமான சோதனை. சில கட்டிகள் உடம்பின் ஹார்மோனைத் தின்று வளரும். அப்படிப்பட்ட கட்டியில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கும். சாயமேற்றினால் பழுப்பாகத் தெரியும். பழுப்பு தெரிந்தால் அந்தப் பெண்ணுக்குத் தினம் ஒரு மாத்திரை, வருடக்கணக்கில். நோய் திரும்பி வருவது வெகுவாகக் குறையும். தெரியாவிட்டால் மாத்திரை கிடையாது. சதை கெட ஆரம்பித்தால் முதலில் அழிவது இந்த ஏற்பிகள்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமைக் கட்டிகளில் பழுப்பே தெரியவில்லை. ஆகவே அந்தப் பெண்களுக்கு மாத்திரை இல்லை. ஆகவே அவர்களில் பலருக்கு நோய் திரும்பி வந்தது. இதிலிருந்து பேராசிரியர் ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தார்: நம் பெண்களின் கட்டியே தனி ரகம், பிறவியிலேயே பொல்லாதது. செவ்வாய்க்கிழமை அறுக்கும் இன்னொரு சர்ஜனின் நோயாளிகளுக்கு இந்தத் தனி ரகம் ஏனோ வருவதில்லை. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "கஷ்டமான கேஸெல்லாம் என்கிட்டதானே வருது." இதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் கல்வயிறு டாக்டருடையது.

இப்படி எல்லாம் சுபமாக நடந்துகொண்டிருந்தபோது அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது.

பெரிய இடத்தில்தான் காட்ட வேண்டும் என்று தம்பியே பேராசிரியரிடம் அழைத்துப் போனார். வெள்ளிக்கிழமை அறுவை முடிந்தது. மட்டை தோளில் ஏறிய பிறகுதான் வாளி கீழே வந்தது. பழக்கம் லேசில் விடாது. அக்கா நல்லபடியாகக் கண் விழித்துவிட்டாள் என்று கேட்டதும் மனசு நிறைந்து, அன்றும் ஆடப் போனார், இரண்டு ஆட்டம் ஜெயிக்கவும் செய்தார்.

சீவல் வந்தது. வெளிர்நீலம். பழுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. வேறு யாருடையதாக இருந்திருந்தால் 'ஏற்பி இல்லை' என்று கையெழுத்திட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார். அக்காவுடையதாயிற்றே, கண்ணை எடுக்க மனம் வரவில்லை. கட்டியை விட்டுப் பக்கத்தில் மேய்ந்தார். அங்கே வியாதி தொடாத நல்ல பால்குழாய்கள் இருந்தன. நல்ல குழாயில் அங்கங்கே பழுப்பு இருந்தே ஆக வேண்டும். அதுவும் வெளிர்நீலம். ஏற்பி பிறவியிலேயே இல்லாமல் போகவில்லை. சதைதான் வாளியில் கெட்டுக் கிடந்தது.

அறுவைக்கு முன்னால் ஊசியால் எடுத்த நூல் போன்ற துண்டு, மெலிசு என்பதால் ஃபார்மலின் உடனே ஊறி, மெழுகுக் கட்டையாகப் பத்திரமாக இருந்தது. பெரிய துண்டு வரப்போகும்போது சின்னதில் எதற்குச் சோதனை என்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். அதைச் சீவிச் சாயமேற்றச் சொன்னார். டீயைக் கொட்டிவிட்டதுபோல் சீவல் முழுக்கப் பழுப்பு.

அக்காவுக்கு மாத்திரை எழுதியாயிற்று. அதைச் சொல்ல வார்டுக்குப் போனார்.

"என்னடா, நீயேதான் வெட்டிப் பாத்தியாமே. வெட்கங்கெட்டவனே" என்றாள் அக்கா.

"சும்மா இருக்கா. உனக்கு மாத்திரை கேக்குற ரகம்தான். முதல்ல பாத்தது தப்பாப் போச்சு."

"எப்படித் தப்பாச்சு?"

சொன்னார். பூப்பந்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்குள் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இவளுக்கும் வெள்ளிக்கிழமைதான்டா. போன வருஷம். மாத்திரை கிடையாது, உன் ரகம் அப்படின்னு சொல்லிட்டாங்களாம். இப்ப எலும்புல வந்திருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அவளுதும் உன் வாளியா?"

கல்வயிறு டாக்டர் சொட்டு மருந்துக் குழாய் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தார். அக்காவின் கையில் குழாயே இல்லை.

அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை மதியம் கட்டுரை வெளியானதற்கு விழா. மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமான ரோஸ் ரிப்பன் வடிவத்தில் கேக். பேராசிரியரின் மீசையில் ரோஸ் க்ரீம். அவரை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார் கல்வயிறு டாக்டர்.

"எல்லா வெள்ளிக்கிழமை கேஸையும் ஊசித் துண்டுல திரும்பப் பாத்துடலாம் சார்."

"எதுக்கு? உங்க அக்காவுக்குத்தான் மாத்திரை குடுத்தாச்சே."

"மத்தவங்க?"

"மத்தவங்க உங்களுக்கு அக்காவா?" பேராசிரியர் சிரித்தார். மீசையில் க்ரீம் அசைந்தது. "டாக்டர், யோசிங்க. அறுத்தது நான், சரியா அறுத்தேன். வாளி யாரோடதுன்னு கேள்வி வந்தா யார் பேர் முதல்ல வரும்? இதுவரைக்கும் ரெண்டாவதா இருக்கறீங்க, நிம்மதியா இருக்கறீங்க. கேக் எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். சாப்பிடவும் சாப்பிட்டார். கல்வயிறு அல்லவா, ரோஸ் க்ரீமுக்கெல்லாம் அசையுமா?

சாயங்காலம் வாளிகளைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் வெட்டு அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன சார், இன்னிக்கு ஆட்டம் இல்லையா? பந்து கோவிச்சுக்கப் போகுது."

"இல்ல. அதை மேசைல வைங்க. பழைய ஊசிக் கட்டைங்க?"

"வெள்ளிக்கிழமைதெல்லாம் எடுத்து அடுக்கியாச்சு சார். ரெண்டு அலமாரி வருது. எல்லாத்தையுமா பாக்கப் போறீங்க?"

"எல்லாத்தையும்."

மூலையில் பழைய வாளிகள் வரிசையாக இருந்தன. சோதித்த மிச்சத்தைச் சில வாரம் வைத்திருந்துதான் எறிவார்கள். அவற்றில் ஒன்றைக் கல்வயிறு டாக்டர் தூக்கி வந்தார். ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கவில்லை. படிக்காமலே அவருக்குத் தெரியும், அது அக்காவுடையது. மூடியைத் திறந்து, கையுறை போட்டு, திங்கட்கிழமை அவசரத்தில் வெட்டாமல் விட்ட பாகத்தை நடுவாகப் பிளந்தார். ஓரம் சாம்பல் நிறத்தில் கெட்டி. நடுவில் ரோஸ் நிறத்தில் வழுவழுவென்று ஒன்று கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் வாடை ஃபார்மலினையும் தாண்டி மேலே எழுந்தது. இந்த வாடைக்கு நடுவில்தான் அத்தனை திங்கட்கிழமைகளிலும் பன் சாப்பிட்டிருக்கிறார்.

கத்தியைக் கீழே வைத்தார். தொட்டிவரைக்கும் நடந்தே போனார். கேக் முழுதும் வெளியே வந்தது. 

ஊழியர் குழாயைத் திறந்துவிட்டார். "கேக் ஒத்துக்கலையா சார்?"

"ஒத்துக்கல" என்று வாயைக் கொப்பளித்தார். பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, சற்றுமுன் வந்திறங்கிய வாளியைப் பக்கத்தில் இழுத்து, சீவ ஆரம்பித்தார்.