கிட்டுசாமி அணைத்த கற்பூரம்

கிட்டுசாமி கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை முடிந்ததும் அவரை நாலு வார்த்தை வைவீர்கள். தீபாவளி வந்தால் தொழிலாளி வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் துணி எடுத்துக் கொடுக்கிற மனுசன். வாய் கூசாமல் பொய் சொல்ல அவருக்கு வராது. அவரிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று. நல்லது நடந்தால் அது தன்னால் நடந்தது, கெட்டது நடந்தால் அது எவனோ செய்தது. வேண்டுமென்றே அப்படி நினைத்தாரா என்றால் அதுவும் இல்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, அதற்கு யார் என்ன செய்வது!

பதினாலு வயசில் அவிநாசிபாளையத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் பீஸ் மடித்தார், அடுக்கிக் கட்டினார், பிறகு கத்தரி பிடித்தார். அறுபதாம் வருசம் நல்லூரில் நாலு தையல் மிஷினைப் போட்டுச் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். ரங்காத்தாளைக் கட்டியதும் அந்த வருசம்தான். முதல் இரண்டு வருசம் ரங்காத்தாளும் ஒரு மிஷினில் உட்கார்ந்து பனியனுக்குக் கை வைத்துத் தைத்தாள். அதை மட்டும் அவர் எங்கேயும் சொல்லமாட்டார்.

பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. சலவைப் பட்டறையில் வெளுத்துக் காயவைத்து, உருளையில் ஏற்றி இழுத்துத் தேய்த்து வரும்போது துணி நீண்டு போயிருக்கும். அதை அவிழ்த்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட்டால் மெல்லத் தன் அளவுக்கு வந்து சேரும். அப்புறம்தான் கத்தரி வைக்க வேண்டும். திருப்பூரில் கத்தரி பிடிக்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

அறுபத்து நாலு தீபாவளிக்கு மதுரைக் கடைக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்தார். நாள் குறைவு. கிட்டுசாமி, “ஆறப் போடறதெல்லாம் வேண்டாம், வந்த துணியை வந்த சூட்டோட வெட்டு” என்று கட்டிங் மாஸ்டர் வேலுமணியிடம் சொல்லிவிட்டார். வேலுமணி தலையைச் சொறிந்தான். அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி வெட்டினான். சுருங்கினாலும் அளவுக்கு வந்து நிற்கட்டும் என்ற கணக்கு. சரக்கு நேரத்துக்குப் போனது, ஒரு பீஸ்கூடத் திரும்பவில்லை.

அன்றிலிருந்து கிட்டுசாமியைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம்கூட, “ஆறப் போடறதுங்கறதெல்லாம் சும்மா கட்டிவிட்ட கதைங்க. நான் ஆறப் போடாமத்தான் வெட்டறேன், என்ன ஆயிப்போச்சு?” என்று அளந்தார்.

அடுத்த வருசம் ஆடி மாதம் வேலுமணி வெட்டுகிற பலகைப் பக்கம் வந்தவர், இரண்டு விரற்கடையைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். “ஏன்டா, எந்தூட்டுத் துணியின்னு நெனச்சே? கொஞ்சம் கொஞ்சமாத் தின்னே தீத்துட்டயேடா!”

“இல்லீங்க மொதலாளி, ஆறாத துணிங்க. ரெண்டு விரக்கடை உடாம வெட்டினா ஒரு தண்ணி பட்டதும் சுருங்கி ஏறிக்குமுங்க. போன வருசமும் இப்படித்தானுங்க வெட்டுனேன்.”

“போன வருசம் ஓடுனது உன்ற விரக்கடையிலயா? என்ற யோசனையிலடா! கோட்டு மேல வெட்டு.”

வேலுமணிக்கு நாலும் பெண்பிள்ளைகள். கோட்டின் மேலேயே வெட்டினான்.

புரட்டாசி கடைசியில் மதுரைக் கடையின் ஏஜென்ட் ராஜா முகமது வந்து இறங்கினார். கூடவே திரும்பி வந்த எட்டுப் பண்டல் சரக்கு. பையிலிருந்து துவைத்த பனியன் ஒன்றை எடுத்து விரித்தார். பெரிய ஆள் போடுகிற சைஸ், பள்ளிக்கூடத்துப் பையனுக்குத்தான் பத்தும் போலிருந்தது.

“ஒரு தண்ணிதான் மொதலாளி. போட்டா தொப்புளுக்கு மேல நிக்குது. கடைக்காரர் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார், தப்பு எங்கே நடந்ததுன்னு. அதைச் சொன்னாத்தான் அடுத்த ஆர்டர்.”

வேலுமணி பலகையை விட்டு நிமிரவில்லை. கிட்டுசாமி ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. “இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? சலவைங்க. மயில்சாமி கொதிதண்ணியில அதிக நேரம் உட்டுட்டான். துணியைச் சாவடிச்சுட்டான்.”

மயில்சாமி ஆற்றோரம் சின்னதாகச் சலவைப் பட்டறை வைத்திருந்தவன். இரண்டு தொட்டி, துணி காயப்போட ஒரு களம், கூடவே அவன் பெண்டாட்டி மருதம்மாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கிட்டுசாமியின் துணியை அவன்தான் வெளுத்தான். சேதி காதில் விழுந்ததும் ஈரக்கையோடு ஓடிவந்தான்.

“அண்ணா, நான் எப்பவும் போலத்தானுங்கண்ணா போட்டேன். என்ற பேரு கெட்டா எனக்கு ஒருத்தரும் துணி குடுக்கமாட்டாங்கண்ணா.”

“அப்ப மலைக்கு வா. முருகன் முன்னால கற்பூரத்தை அணைச்சு, தப்பு உன்னுது இல்லீன்னு சொல்லு. நான் ஒத்துக்கறேன்.”

அந்தப் பக்கம் இதற்கு மேல் ஒரு கோர்ட்டு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதோடு பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் குடும்பத்தையே வாரிக்கொண்டு போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளிக்கிழமை அலகுமலை என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் ரங்காத்தாள் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். “ஏனுங்க, வேலுமணி ரெண்டு விரக்கடை உட்டு வெட்டுனப்ப ஒண்ணுகூடத் திரும்பி வரலீங்களே. அதைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

கிட்டுசாமிக்கு மூக்குமேல் கோபம் வந்தது. “நீயும் ஆரம்பிச்சுட்டயா? எனக்குத் தொழில் சொல்லித்தர இந்தூட்ல ஆளு வேணுமாக்கும்!” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆனால் அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது. படியேறும்போது அதைப் பிடுங்கிப் போட என்னவெல்லாம் யோசித்தார் தெரியுமா! போன வருசம் நூல் வேறு. போன வருசம் மழை வேறு. மயில்சாமி இப்போதெல்லாம் சரியாகத் தூங்குவதில்லை, கண்ணு சிவந்து கிடக்கிறது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது முள் இருந்த இடமே தெரியவில்லை.

சன்னதிக்கு வெளியே கல்லின்மேல் கற்பூரம் எரிந்தது. ராஜா முகமது செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டார். வேலுமணி தூணோடு ஒட்டிக்கொண்டான். மருதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். மயில்சாமி கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

“அடிங்க மாமா” என்றாள் மருதம்மாள்.

மயில்சாமிக்கு அந்தச் சரக்கை வெளுத்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இரண்டாவது தொட்டித் துணியை எடுக்கும் நேரத்தில் குழந்தை அழுதது, போய்த் தூக்கிவிட்டு வந்தான். எத்தனை நேரம்? ஒரு வெத்திலை போடுகிற நேரமா, இன்னும் கொஞ்சம் அதிகமா? சாமியைச் சாட்சி வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

“நான் தப்புப் பண்ணலீன்னுதானுங்க நெனைக்கறேன்” என்றான். “ஆனா நூத்துக்கு நூறு எப்படீங்க சொல்றது? ஒரு நிமிசம் முன்னப்பின்ன ஆயிருந்தா? கொழந்த இருக்குதுங்க... என்னால முடியாதுங்க.” கையை இழுத்துக்கொண்டான்.

“தள்ளு” என்றார் கிட்டுசாமி. அவர் மனதில் துளிச் சந்தேகம் கிடையாது. “முருகா, இந்தச் சரக்குல என்ற தப்பு ஒண்ணுமில்லை!” படீரென்று ஒரே அடி. கற்பூரம் அணைந்தது. சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவரை நம்பினார்கள், வேலுமணியைத் தவிர. அவன் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று படியிறங்கினான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரே மாதம். மயில்சாமி பட்டறைக்கு யாரும் துணி அனுப்பவில்லை. தொட்டி காய்ந்தது. புருசனும் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சோமனூருக்குப் போய், விசைத்தறியில் கூலிக்குச் சேர்ந்தார்கள்.

தை மாதம் அடுத்த சரக்கு போயிற்று. வேறு சலவைக்காரன், வேறு நூல். மாசிக்குள் அத்தனையும் திரும்பி வந்தது, அதே மாதிரி ஏறிக்கொண்டு.

கிட்டுசாமி வாயைத் திறக்கும் முன்னே வேலுமணி இரண்டு பனியனைக் கொண்டுவந்து பலகைமேல் போட்டான். “ரெண்டும் ஒரே துணிங்க, ஒரே சலவைங்க. இது ஆறப்போட்டு வெட்டுனது, இது அப்படியே வெட்டுனது. ரெண்டையும் நானே தொவச்சேனுங்க. வேலையை உட்டுப் போகச் சொன்னாலும் சரீங்க, இனி என்னால வாயை மூடிட்டு இருக்க முடியாது.” ஒன்று முழம் போல் கிடந்தது, மற்றது சாண் போல் கிடந்தது. கிட்டுசாமி, சாமி முன்னால் கற்பூரத்தை அடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் சோமனூர் பஸ் ஏறினார். மயிலு, தப்பு என்னுதுடா, திரும்பி வா. இதைத்தான் சொல்லப் போனார், நிசமாகவே. மங்கலம் வரைக்கும் வார்த்தை அப்படியே இருந்தது. சாமளாபுரம் தாண்டும்போது, தப்பு ரெண்டு பேரு மேலயும் இருக்குது என்று ஆயிற்று. சோமனூரில் இறங்கும்போது வேறொன்று தோன்றியது. உண்மையில் அன்றைக்கு மலைமேல் என்னதான் நடந்தது?

தறிச் சத்தத்துக்கு நடுவே மயில்சாமி நின்றிருந்தான். பாதியாக இளைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் பதறிக் கும்பிட்டான்.

“ஏன்டா மயிலு” என்றார் கிட்டுசாமி. கண்ணில் நிசமாகவே தண்ணீர் வந்தது. “சலவையில தப்பு இல்லைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு நீ தைரியமா அந்தக் கற்பூரத்தை அணைச்சிருந்தா, நான் வேற பக்கம் தேடிப் பாத்திருக்கமாட்டனா? நீ கையை இழுத்துக்கிட்டதாலதானேடா இத்தனையும்?”

மயில்சாமி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் தறியில் நூல் அறுந்தது, மேஸ்திரி அதட்டினான்.

“ஆமாங்கண்ணா” என்றான் மயில்சாமி. “எனக்குத் தகிரியம் பத்தலீங்க.” சொல்லிவிட்டு அறுந்த நூலை முடிச்சுப் போடப் போனான்.

முந்தின நாளிலிருந்து சாப்பாடு இறங்காத கிட்டுசாமி சாயங்காலம் வீடு திரும்பி வயிறாரச் சாப்பிட்டார். என்ன பேசினீர்கள் என்று ரங்காத்தாள் கேட்டாள்.

“எல்லாம் பேசியாச்சு” என்றார் அவர், கையைக் கழுவிக்கொண்டே. “தப்பு தன்னுதுதான்னு அவனே ஒத்துக்கிட்டான்.”