சித்தப்பாவின் நாற்பத்தொரு கட்டங்கள்

காலையில் நாலு மணிக்கு எழுந்திருப்பதைப் பற்றி யாராவது பெருமையடித்தால் நான் ஒன்றுதான் கேட்பேன். வெந்நீர் போட்டது யார்? பெரும்பாலும் பதில் வராது. வராது என்பது எனக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரியும்.

கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டில் நாலு பேர். அப்பா, அம்மா, நான், கல்யாணமாகாத சித்தப்பா. அப்பா திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா கம்பத்தில் உரக்கடை வைத்திருந்தார். கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் செல்போனில், வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேசுகிறவர்களின் வீடியோக்களைப் பார்ப்பார். தினம் ஒரு நல்ல பழக்கம், விடாமல் செய்தால் போதும் என்பார்கள். சித்தப்பாவிடம் இருந்த விடாத பழக்கம் சிகரெட் ஒன்றுதான்.

கார்த்திகை பிறந்தால் அதையும் விட்டுவிடுவார். சபரிமலைக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விரதம். கருப்பு வேட்டி, வெறுங்கால், நாலு மணிக்குக் குளியல். விரதக்காரர் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்பது முறை. சித்தப்பாவுக்குச் சளி பிடிக்கும் என்பதால் அந்த ஒரு முறைக்கு மட்டும் விலக்கு. மாலை போட்டவரை நாங்கள் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். "என்ன சாமி, வெந்நி இன்னும் காயலயா சாமி" என்று அம்மாவைக் கேட்பார். அவ்வளவு மரியாதை. வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு மட்டும் அது வளரவில்லை.

அந்த வருடம் தேனியில் மாவட்ட ஓட்டப் போட்டி நடப்பதாக இருந்தது. ஆயிரத்து ஐநூறு மீட்டரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தினமும் விடிகாலையில் வாய்க்கால் கரையில் ஓடத் தொடங்கினேன்.

சித்தப்பா இதைக் கேள்விப்பட்டு ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாற்பத்தொரு கட்டம் போட்டார். அதன் கீழேயே எனக்கும் நாற்பத்தொன்று. மேல் வரிசையில் அவர் விரதம், கீழ் வரிசையில் என் ஓட்டம். சிவப்புப் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

"இந்தா பாரு சாமி, ஒரு நாள் விட்டாலும் அம்புட்டும் போச்சு. திரும்ப மொதக் கட்டத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். எனக்கும் அதே ரூல்தான்."

இருபத்தாறு நாள் இரண்டு வரிசையும் ஒன்றாகச் சிவந்தன.

இருபத்தேழாம் நாள் அம்மாவுக்குத் தீட்டு. விரதக்காரர் இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் பெண்கள் தங்கக் கூடாது. அம்மா ஒரு பாயை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அத்தையிடம் போய்விட்டாள். அப்படியானால் சாமிக்கு யார் சமைப்பது? நான் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. என் கை சுத்தம். எனவே நான்தான். மூன்றேகாலுக்கு எழுந்து, குளித்து, விறகடுப்பில் வெந்நீர் வைத்து, அவருடைய தனிப் பாத்திரத்தில் சமைத்து, பூப்பறித்து, பூஜை இடத்தைத் துடைத்து நிமிர்ந்தால் பள்ளிக்கூட நேரம். சித்தப்பாவை எழுப்புவதும் இந்த வேலையில் சேர்த்தி என்பது முதல் நாளே தெரிந்தது. மூன்று முறை எழுப்ப வேண்டும். நான்காவது முறை, "எந்திரிச்சுட்டேன் சாமி" என்று தூக்கத்திலேயே சொல்வார்.

அப்பாவிடம் போய் ஓட முடியவில்லை என்றேன். தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "கொஞ்ச நாளைக்குத்தானத்தா, சாமி காரியம்" என்றார். அதோடு முடிந்தது.

நாலு கட்டம் காலியாகக் கிடந்தது. நாலாம் நாள் சாயங்காலம் வீட்டில் பஜனை. சித்தப்பாவோடு மலைக்குப் போகிற ஏழெட்டுச் சாமிகள் வந்திருந்தார்கள். நான் அவித்த சுண்டலை, நானே தட்டில் எடுத்து வரும்போது சித்தப்பா அவர்களுக்குத் தாளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கது என்னுது சாமி. கீழ அண்ணன் மக. இருபத்தாறு நாள் ஓடுனா. அப்புறம் பாருங்க, வெள்ளையா கெடக்கு. மனசுல உறுதி பத்தல."

"பொம்பளப் புள்ளைக்கு ஓடி என்ன சாமி ஆகப்போகுது" என்றார் ஒருவர், சுண்டலை அள்ளிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். வாயில் நான் அவித்த சுண்டல்.

மறுநாள் காலை நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து வாய்க்கால் கரைக்குப் போய்விட்டேன். என்றைக்கும் ஓடாத தூரம் ஓடினேன். கோபம் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வரும்போது வெயில் வந்துவிட்டது. சித்தப்பா அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். மணி ஏழரை. குளியல் இல்லை, பூஜை இல்லை.

"ஏத்தா, எழுப்பக் கூடாது? சாமி குத்தம் ஆயிப்போச்சுல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். சாமி என்று கூப்பிடுவதைக்கூட மறந்துவிட்டார். கத்தி முடித்ததும் நேராகத் தாளுக்குப் போய், தன் வரிசையில் அன்றைக்கான கட்டத்தில் சிவப்பாக ஒரு டிக் போட்டார்.

"இன்னைக்கு நீங்க எந்திரிக்கவே இல்லையே" என்றேன்.

"மனசு நாலு மணிக்கே முழிச்சுருச்சு. ஒடம்புதான் லேட்டு."

பிறகு என்னுடைய இருபத்தாறு டிக்கையும் ஒரே கோடாக அடித்தார். விட்டால் முதலிலிருந்து, அதுதான் ரூல். நான் அழவில்லை. பேனாவைக் கயிற்றோடு பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். அதற்கு அப்பாவிடம் அடி வாங்கினேன். மறுநாளும் வெந்நீர் போட்டுத்தான் ஆக வேண்டும், ஓட்டமெல்லாம் போதும் என்று தீர்ப்பானது. எதிர்வீட்டு வாசலில் அம்மா நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு அடியைவிட வலித்தது.

அன்று சாயங்காலமே அம்மா ஈரத் தலையோடு வந்துவிட்டாள். "தலைக்குக் குளிச்சாச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். சித்தப்பா எதுவும் கேட்கவில்லை. வெந்நீர் வந்தால் சரி. என்னிடம், "காலைல நீ ஓடு. இங்கன நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். ஒருவழியாக வந்தாளே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போட்டியில் மூன்றாவதாக வந்தேன். கடைசி வளைவில் ஒரு பெண்ணை முந்தினேன். ஊர் திரும்பினால் சித்தப்பா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "நாந்தான் கட்டம் போட்டுக் குடுத்தேன். இல்லைன்னா இது எங்கிட்டு ஓடியிருக்கும்?" அடுத்த நாளே இருமுடி கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன மூன்று நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கேற்றி வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். குமுளிப் பாதையில் ஒரு வேன் கவிழ்ந்ததாக யாரோ சொன்னதும் உடனே சித்தப்பாவுக்கு போன் போடச் சொன்னாள். அவர் வண்டி இல்லை அது. ஆனாலும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"அந்த ஆளுக்கு ஏன் இப்படித் துடிக்கிற?" என்று கேட்டேன்.

"நல்லபடியா வந்து சேரட்டும்த்தா. ஒண்ணும் ஆயிறக் கூடாது" என்றாள்.

என்னை அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசாதவள், அவருக்காகப் பட்டினி கிடக்கிறாள். அந்த மூன்று நாளும் நான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சித்தப்பா சுகமாகத் திரும்பி வந்து பிரசாதம் கொடுத்தபோது அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த கார்த்திகையில் விடுதியிலிருந்து லீவுக்கு வந்தேன். அதற்குள் நானும் பெரிய மனுஷி ஆகியிருந்தேன். தீட்டு வந்ததும் அம்மா பாயைச் சுருட்டிக் கொடுத்து என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே அத்தைதான் சொன்னாள், விரத வீட்டுக்கு ஏழு நாள் கணக்கு, ஒரு நாள் குறைந்தாலும் மலைக்குப் போகிறவருக்கு ஆகாது, உங்கம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு என்று.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். போன வருடம் அம்மா ஈரத் தலையோடு வந்தது ஐந்தாம் நாள்.