மேல்வீட்டுக்கும் ஒரு ட்ரிப் சுவிட்ச்

"ஆருமில்லாத அறையில ஃபேன் ஆருக்குச் சுத்துது?" என்று வெறும் நாற்காலிகளைக் கேட்டபடி சிவக்கொழுந்து முழங்கையால் சுவிட்சை அணைக்கிறார். விரல்களெல்லாம் கோதுமை மா. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் கீழ்வீடு அந்த அம்மாவுடையது; மேல்வீட்டில் அபிராமி, கணவன், சின்ன மகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிறந்தநாள்களுக்கும் கலியாணங்களுக்கும் மீன் அடைத்த மாலுபாணும் பற்றிஸும் சிவக்கொழுந்தின் குசினியிலிருந்துதான் போகும். நேரத்துக்கு வருமா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. "நான் சொன்னாச் சொன்னதுதான். என்ர பெட்டி பிந்தி வந்ததெண்டு ஒருத்தர் சொல்லட்டும் பாப்பம்!"

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது. சென்ற மழைக்காலத்தில் அவருடைய பழைய மின்னடுப்பைப் போட்டாலே கரண்ட் கசிந்தால் தானே அணையும், இரு வீட்டுக்கும் பொதுவான ட்ரிப் சுவிட்ச் விழுந்து கீழும் மேலும் இருண்டன. ஒரு கலியாண ஓர்டரின் நடுவிலும் விழ, கொட்டாஞ்சேனையிலிருந்து வயரிங் வேலைக்கு வரும் ரொனியைக் கூப்பிட்டார்.

"அடுப்புல கரண்ட் லீக் இருக்கு அக்கா. அதத்தான் முதல்ல பாக்கணும்."

"பிறகு பாப்பம். இப்ப அந்தச் சனியனை விலத்திப்போட்டு நேர லைனைக் குடும்."

"அது கூடாது அக்கா."

"இண்டைக்கு மட்டும்தானே, ரொனி!"

ரொனி ட்ரிப்பை விலத்தி நேர லைன் கொடுத்துவிட்டுப் போனார். கலியாண வீட்டுக்குப் பெட்டிகள் நேரத்தோடு போயின. திரும்பி வந்து மாட்டித் தருவதாகச் சொன்ன ரொனி வரவில்லை, சிவக்கொழுந்தும் கூப்பிடவில்லை. கரண்ட் போகாமலிருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

பங்குனியில் ஒரு காலை மேலே அலறல் கேட்டது. பல்கனியில் உப்புக்காற்றுப் பட்டுத் துருப்பிடித்த வொஷிங் மெஷினைத் தொட்ட அபிராமியை மின்சாரம் பிடித்திருந்தது. கணவன் ஓடிவந்து பிளக்கை இழுத்ததால் உயிர் தப்பியது, உள்ளங்கை கருகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "ட்ரிப்பும் பழுதாப் போச்சுப் போல, அன்ரி. பழைய மெஷின், நான்தான் கவனிக்கேல்லை," என்றாள் அவள்.

சிவக்கொழுந்து ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். அதன்பிறகு படியில் அபிராமியின் காலடி கேட்டால் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கிராண்ட்பாஸில் மஹ்ரூபின் மின்சாமான் கடைக்குத் தனியாகப் போனார். "வடிவான ட்ரிப் பெட்டி வேண்டாம் தம்பி. ஆக்களைக் காப்பாத்துற பெட்டி எடுங்கோ."

மஹ்ரூப் தரமுத்திரை குத்திய ஒன்றை எடுத்து வைத்தார். "இந்தா பாருங்க, ஒவ்வொரு லைனுக்கும் வேறவேறயா ட்ரிப். கீழ லீக் எண்டா கீழ மட்டும் விழும். மேல எரியும்."

"முந்தியும் இப்பிடிப் போட ஏலுமா இருந்ததோ?"

"ஏலும் தானே. நீங்க கேக்கல்லயே."

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துவிடாதபடி சிவக்கொழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "லைசன்ஸ் உள்ள ஆளக் கொண்டு பூட்டுங்க, எர்த்தையும் அளக்கச் சொல்லுங்க," என்று மஹ்ரூப் சொன்னதற்கு ஓம் என்றார்.

பெட்டியை வீட்டில் வைத்த கையோடு மாடிக்கு ஏறினார்.

"பிள்ளை, ட்ரிப் பழுதாகேல்லை. நான்தான் அதை விலத்தி வைச்சனான். மாலுபாண் சுடுறதுக்கு."

அபிராமி கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில ஏன் சொல்லேல்லை, அன்ரி?"

"வெக்கம்."

"அந்த மெஷினில என்ர பிள்ளையும் கை வைக்கிறவள்."

அவள் உள்ளே திரும்பிப் போனாள். சிவக்கொழுந்து கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார்.

புதுப் பெட்டி பூட்டியாயிற்று, எர்த் சரிசெய்தாயிற்று, மெஷினும் திருத்தி வந்தது. லைசன்ஸ் உள்ள மின்வேலைக்காரர் மேல்வீட்டு ட்ரிப்பின் சோதனைப் பொத்தானை அமுக்க மேல்வீடு மட்டும் அணைந்து, திரும்ப எரிந்தது. மெஷின் சுழலத் தொடங்கியபோதும் அபிராமி மகளின் தோளைப் பிடித்தபடி பல்கனி வாசலிலேயே நின்றாள். சிவக்கொழுந்து செருப்பைக் கழற்றினார். ஈரத் தரையில் நடந்துபோய், மெஷினின் தகரத்தில் தன் உள்ளங்கையைப் பதித்து, எடுக்காமல் நின்றார்.