காற்றடைத்த பிளம்ஸ் காய்கள்

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் மலைமேல் இருக்கும் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் ‘மைக்’ என்றுதான் சொல்வார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்புகிறது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கத்துவது அவர் உத்தியோகம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் தொண்டை இறங்காது. சோற்றுக்கு உப்பு கேட்டால்கூடத் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளம்ஸ் மரம். நட்டு வருஷக்கணக்காகிறது. பூக்கும், கொட்டும், முடிந்தது கதை. அவர் மனைவியோ தையல்காரி. தையல் மெஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இந்த வருஷம் காய்ச்சா மரம் இருக்கட்டும். காய்க்கலன்னா வெட்டிட்டு அந்த இடத்துல எனக்கு ஒரு தையல் ரூம் கட்டிக் குடுங்க. துணி தைக்க வர்றவங்க எல்லாம் உங்க தலகாணி மேல உக்கார்றாங்க.”

நியாயமான பேச்சு. மைக்கால் மறுக்க முடியவில்லை.

பூ உதிர்ந்தது. காய் பிடித்தது! அதுவும் எப்படி? சில காய்கள் மிளகு மாதிரி நிற்க, மற்றதெல்லாம் விறுவிறுவென்று வீங்கி, விரல் நீளத்துக்கு வெளிர்பச்சையாய்த் தொங்கின. மைக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் அவளுக்குப் போன் போட்டுக் கத்தினார். அது போதாதென்று மறுநாள், “மூன்றாவது மேடையிலிருந்து வண்டி புறப்படத் தயாராக உள்ளது. எங்கள் வீட்டுப் பிளம்ஸ் மரம் அமோகமாகக் காய்த்திருக்கிறது” என்று ஒரே மூச்சில் அறிவித்துவிட்டார். மேனேஜர் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். வண்டியில் ஏறியவர்கள் கைதட்டினார்கள்.

அதோடு நின்றாரா? பெரிய காய்களுக்குச் சத்து நிறையப் போகட்டும் என்று ஏணி போட்டு ஏறி, கைக்கு எட்டிய பொடிக் காய்களையெல்லாம் கிள்ளி எறிந்தார். பாட்டுப் பாடிக்கொண்டே எறிந்தார்.

இருக்கிறதிலேயே பெரிய காயைப் பறித்து டீக்கடைக்காரரிடம் நீட்டியபோதுதான் வந்தது வினை. அவர் கத்தியை வைத்ததும் காய் பொசுக்கென்று இரண்டாகப் பிளந்தது.

“மைக் அண்ணே, கொட்டையே காணோம்! உள்ள வெறும் காத்துதான் இருக்கு. உங்க பேச்சைக் கேட்டே வளந்த காய் போல!”

கடையே சிரித்தது. மைக் சிரிக்கவில்லை. காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்றுப் பண்ணைக்கு ஓடினார். பண்ணைக்கார அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, இது விளைச்சல் இல்ல, நோய். பூஞ்சை. பூக்கிற நேரத்துல குளிரும் ஈரமுமா இருந்தா வந்து ஒட்டிக்கும். இன்னும் கொஞ்ச நாள்ல காய் மேல வெள்ளையா மாவு பூக்கும். அது பறந்துச்சுன்னா உங்க மரத்துக்கு அடுத்த வருஷமும் இதே கதைதான். பக்கத்து வீட்டு மரத்தையும் விடாது.”

“மருந்து குடும்மா, இப்பவே அடிச்சிடறேன்!”

“இப்ப அடிச்சு ஒண்ணும் ஆகாது. இலை எல்லாம் கொட்டினப்புறம், மொட்டு வீங்கறதுக்கு முன்னாடி காப்பர் மருந்து அடிக்கணும். இப்போதைக்கு வீங்கின காயெல்லாம் பறிச்சு, தடிச்சுப்போன கிளை நுனியையும் வெட்டி, குழி தோண்டிப் புதைச்சிடுங்க. சின்னதா நிக்குது பாருங்க, அதுதான் நல்ல காய். அதுல கை வச்சிடாதீங்க.”

அட மடையா, மடையா! மைக் தலையில் அடித்துக்கொண்டார். நல்லதைக் கிள்ளிப் போட்டுவிட்டு நோய்க்கல்லவா இடம் விட்டிருக்கிறார்!

மறுநாள் மனைவி வருகிறாள். போனில் கத்தியதை நம்பாமல், ரூமுக்கு அளவெடுக்கக் கொத்தனாரையும் கூட்டி வருகிறாள். காய்களை அப்படியே விட்டால் மரம் கொத்துக்கொத்தாய்க் காய்த்த மாதிரியே நிற்கும். அண்ணாந்து பார்த்ததும் அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவாள், மரம் பிழைக்கும். பறித்தால் மொட்டை மரம், கோடரிதான். ராத்திரி முழுக்கப் புரண்டார். விடிந்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவே செய்துவிட்டார். பல்துலக்கப் பின்பக்கம் போனவர் ஒரு காயின் முதுகில் லேசாக வெள்ளை பூத்திருப்பதைக் கண்டார்.

“ஐயையோ!”

வாயில் நுரையோடு ஏணியில் ஏறியவர்தான். பறித்தார், வெட்டினார், சாக்கில் போட்டார். கேட் திறந்த சத்தம்கூட அவர் காதில் விழவில்லை.

“என்னங்க, என்ன பண்றீங்க! பைத்தியமா பிடிச்சிருக்கு?”

கீழே மனைவி. பக்கத்தில் அளவு டேப்போடு கொத்தனார். மைக் ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார், பொடிக் காயைக் கிள்ளி எறிந்ததையும் சேர்த்து. முடிக்கும்போது அவர் குரல் கேட் வரைக்கும்கூடக் கேட்கவில்லை.

“ஒரு நாள் கம்முனு இருந்திருந்தா நான் ஏமாந்திருப்பேனே?” என்றாள் அவள்.

“நீ ஏமாந்திருப்ப. மரத்துக்கு அடுத்த வருஷமும் நோய் ஒட்டியிருக்கும்ல?”

கண்ணுக்கு மேல் கைவைத்து உச்சியைப் பார்த்தாள். ஏணிக்கு எட்டாத நுனிக் கிளையில், இவர் கை படாத இடத்தில், இலைக்கு நடுவே உருண்டையாய், கெட்டிப்பச்சையாய் ஒரு கொத்து நின்றது.

“கொத்தனாரே, நீங்க கிளம்புங்க. அந்தக் கொத்து என்னதான் ஆகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

கொத்தனார் டேப்பைச் சுருட்டினார். மைக்குக்கு நம்பவே முடியவில்லை. “அப்போ உன் ரூம்?”

“ஊருக்கே கேக்கற மாதிரி பீத்திக்கிற ஆளு, யாரும் பாக்காத நேரத்துல தன் காயைத் தானே பறிச்சுப் போடறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். மரம் இருக்கட்டும். ஆனா மெஷின் இனிமே ஹால்ல. உங்க டிவியும் சாய்வு நாற்காலியும் வெளிய போகுது.”

“போகட்டும்டி!” ஏணியே ஆடும்படி கத்தினார் மைக். “கட்டிலையும் சேர்த்துத் தூக்கிப் போடு, நான் இங்கேயே மரத்தடியில படுத்துக்கறேன்!”

“முதல்ல வாயைக் கழுவிட்டு வாங்க,” என்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.